ஒரு ஓட்டு குறைகிறது

அத்தியாயம் 14

கொடுத்துவிட்டாள், பாவி மகள்!

போன வாரம் சமையலறை மேசையில், கணவனுக்குத் தெரியாமல், நாலே வரியில் ரோஸ்லின் எழுதிய ராஜினாமாக் கடிதத்தைத்தான் சொல்கிறேன். கொடுப்பாளா, கிழித்துப் போடுவாளா என்று கேட்டு எனக்கு எழுதியவர்களில் முக்கால்வாசிப் பேர், 'கிழிக்கச் சொல்லுங்கள்' என்றுதான் எழுதியிருந்தீர்கள். நான் சொல்லிக் கேட்கிற பெண்ணா அவள்?

இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்கு நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கார்ஸ்டன் ஊரின் ஆஸ்பத்திரி நகராட்சிக்குச் சொந்தம். முப்பது கட்டில். கூரை ஒழுகுகிறது, ஆக்சிஜன் குழாய்கள் கிழடு தட்டிவிட்டன. இந்த மாதக் கடைசிக்குள் வழி பண்ணாவிட்டால் பூட்டு என்று மாநில ஆய்வாளர்கள் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். நகராட்சியால் இதற்கு மேல் ஒரு டாலர் கடன் வாங்க முடியாது. இருக்கிற ஒரே வழி, ஊர்க்காரர்கள் ஏழு பேரைக் கொண்டு ஒரு மருத்துவமனை ஆணையம் அமைத்து, கட்டடத்தை அதற்கு நாற்பது வருடக் குத்தகைக்கு விடுவது. தனியாருக்கு விற்பது இல்லை. சொத்து ஊருடையது, நடத்துவது ஆணையம். ஆணையத்துக்குக் கடன் கிடைக்கும். கூரையும் பிழைக்கும், ஆஸ்பத்திரியும் பிழைக்கும்.

திங்கட்கிழமை மாலை ஐந்தரைக்கு மன்றத்தில் ஓட்டெடுப்பு. மேயரையும் சேர்த்து ஐந்து பேர். இரண்டு பேர் ஆதரவு, இரண்டு பேர் எதிர்ப்பு. ஐந்தாவது ஆள் ஹோலிஸ் பிக்கெட், ரோஸ்லினின் கணவன். அவனுக்கு ஆதரவாக ஓட்டுப் போட ஆசைதான். ஆனால் மனைவி சம்பளம் வாங்குகிற இடத்தைப் பற்றிக் கணவன் ஓட்டுப் போடக் கூடாது என்பது சட்டம். ரோஸ்லின் அந்த ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சியில் இருபத்தாறு வருட நர்ஸ்.

இரண்டுக்கு இரண்டு என்றால் தீர்மானம் தோற்றது. ஆஸ்பத்திரி மூடும். அடுத்த எமர்ஜென்சி ஐம்பத்து நாலு மைல்.

எதிர்க்கிற இரண்டு பேரில் ஒருத்தி யார் என்று புதியவர்களுக்குத் தெரியாது அல்லவா? வெர்னெல் பிக்கெட். ஹோலிஸின் கூடப்பிறந்த அக்கா!

அதனால்தான் ரோஸ்லின் பேனாவை எடுத்தாள். அவள் வேலையில் இல்லாவிட்டால் ஹோலிஸ் ஓட்டுப் போடலாம். திரும்பச் சேர்த்துக்கொள்வோம் என்று யாரும் அவளுக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் அது நாடகம், செல்லாது என்று வக்கீல் தெளிவாகச் சொல்லிவிட்டார். போனால் போனதுதான்.

திங்கட்கிழமை காலை, இரவு ஷிப்டு முடிந்ததும் நர்ஸ் உடுப்போடு நேரே நகராட்சி அலுவலகத்துக்குப் போனாள். கவுண்டரில் ஒரு புதுப் பெண் இருந்தாள். மன்றச் செயலர் மிஸ் இமோஜின் பல் டாக்டரிடம் போயிருந்தாள்.

"இதை வாங்கிக்கிட்டு முத்திரை போட்டுடும்மா."

புதுப் பெண் படிக்கவில்லை. 'பெறப்பட்டது' என்று ஓங்கி ஒரு குத்து குத்தி, நேரத்தை எழுதி, தட்டில் போட்டாள். மிஸ் இமோஜினுக்கு மட்டும் அன்று பல் வலிக்காமல் இருந்திருந்தால் இந்த அத்தியாயத்தையே நான் எழுத வேண்டியிருந்திருக்காது.

அங்கிருந்து ஹோலிஸின் கடைக்கு. கோழித் தீவனம், மாட்டுத் தீவனம், விதை, வேலிக் கம்பி விற்கிற கடை. ஹோலிஸ் தோளில் ஒரு மூட்டையோடு நின்றான்.

"ஹோலிஸ், அத இறக்கி வச்சிட்டு உக்காரு."

"உக்காரச் சொன்னாலே ஏதோ கெட்ட சேதிதான். யாரு போனா?"

"யாரும் போகல. நான்தான் போயிட்டேன். வேலைய விட்டுட்டேன்."

அவன் உட்காரவில்லை. மூட்டையையும் இறக்கவில்லை. ஐம்பது பவுண்டைச் சுமந்துகொண்டு அப்படியே நின்றான்.

"எப்ப?"

"இப்பத்தான். எட்டே காலுக்கு."

"இருபத்தாறு வருஷம், ரோஸ்!"

"எனக்கும் எண்ணத் தெரியும்."

"என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா உனக்கு?"

"கேட்டா வேணாம்னு சொல்லுவே."

"ஆமா, சொல்லுவேன்!"

"அதான் கேக்கல."

மூட்டை தொப்பென்று கீழே விழுந்தது. ஓரம் பிரிந்து தீவனம் கொட்டியது. இருவரும் அதைப் பார்த்தார்கள், யாரும் குனியவில்லை.

"நீ இல்லாத எமர்ஜென்சியக் காப்பாத்தி நான் என்ன பண்ண?" அவன் குரல் உடைந்துவிட்டது. "ஊர்ல எவன் என்னைப் பார்த்தாலும், 'உன் பொண்டாட்டி கையால பொழைச்சேன்'ங்கறான். என்னை ஜெயிக்க வச்சதே அந்த ஓட்டுங்கதான். என் மூஞ்சிக்கா போட்டாங்க?"

"நான் இல்லாட்டியும் அங்க கட்டில் இருக்கும். கட்டில் இல்லாம நான் மட்டும் இருந்து என்ன செய்யட்டும், சொல்லு."

அவள் அழவில்லை. ஆனால் உடுப்பில் குத்தியிருந்த பெயர் அட்டையைக் கழற்றப் போன கை, கழற்றாமல் அதைப் பிடித்துக்கொண்டே இருந்ததை அவன் பார்த்தான். பார்த்தபின் கோபப்பட முடியுமா?

"அக்கா ஒருத்தி மட்டும் மனசு மாறியிருந்தா இதெல்லாம் வேணுமா?" என்றான். "ஆணையம்ங்கற வார்த்தை வாயில வந்தாலே போனை வச்சிடறா. பிடிவாதம் புடிச்சவ."

"நான் போயி அவங்ககிட்ட சொல்லிட்டு வரேன்."

"எதுக்கு? கெஞ்சவா?"

"கெஞ்ச இல்ல. சாயங்காலம் அத்தனை பேருக்கு முன்னாடி நீ அவங்களுக்கு எதிரா கை தூக்கப் போற. அத அங்க வச்சுத்தான் அவங்க தெரிஞ்சுக்கணுமா? முன்னாடியே ஒரு வார்த்தை சொல்றது மரியாதை."

வெர்னெலுக்குப் பூக்கடை. கல்யாணத்துக்கும் செய்வாள், ஆனால் பேர் வாங்கியது அடக்க மலர்வளையத்தில்தான். அன்று சர்ச் மூப்பர் ஒருவருக்கான வளையத்தில் வெள்ளைக் கிளாடியோலஸ் பூக்களை ஒவ்வொன்றாகக் கம்பியில் கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்துத் தட்டில் பாதி தின்ற சோள ரொட்டி. ரோஸ்லினைப் பார்த்ததும் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தாள்.

"வா, நர்ஸம்மா. தூங்கற நேரத்துல இங்க என்ன? உன் புருஷன் அனுப்பினானா?"

"யாரும் அனுப்பல, மிஸ் வெர்னெல்." முப்பது வருடமாக அவள் நாத்தனாரை அப்படித்தான் கூப்பிடுகிறாள். ஒரு நாளும் வெறும் பெயரைச் சொன்னதில்லை.

"முன்னாடியே சொல்லிடறேன். ஆஸ்பத்திரி மூடினா எனக்கு வியாபாரம் கூடும், அதான் எதிர்க்கறேன்னு டயர் கடை டப் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறானாம். அவனும் என் பக்கம்தான் ஓட்டுப் போடறான், வெக்கங்கெட்டவன். வரி ஏறும்னு அவனுக்குப் பயம். எனக்கு அது இல்ல."

"நான் வேலைய விட்டுட்டேன்."

வெர்னெலின் கை நின்றது.

"காலையில கடிதம் கொடுத்துட்டேன். இன்னிக்கு ஹோலிஸ் ஓட்டுப் போடுவான், உங்களுக்கு எதிரா. மூணுக்கு ரெண்டு. அங்க வந்து திடீர்னு கேட்டு நீங்க சங்கடப்படக் கூடாதுன்னு சொல்ல வந்தேன்."

வெர்னெல் கம்பியைக் கீழே வைத்தாள்.

"அப்ப என் ஓட்டு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன."

"ஆமா. இனிமே உங்க ஓட்டு வேணாம். அதனால இப்பக் கேக்கறேன், நீங்க ஏன் வேணாம்ங்கறீங்க?"

இந்தக் கேள்வியில் ஒரு சூதும் இல்லை, பாருங்கள். ரோஸ்லினுக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை. அவள் தொழிலே அதுதானே, எங்கே வலிக்கிறது என்று கேட்பது.

வெர்னெல் மேசை அடியிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்துத் தொப்பென்று போட்டாள். குத்தகைப் பத்திரம். ஓரமெல்லாம் பென்சில் கோடு.

"அறுபத்தோரு பக்கம். நான் படிக்காம எதிர்க்கறேன்னு நெனச்சியா? மூணு தடவை படிச்சேன். ஆணையம், ஆணையம்னு முந்நூத்துப் பன்னெண்டு இடத்துல இருக்கு. எண்ணிப் பார்த்தேன். ஒரு இடத்துலயாவது ஒரு மனுஷன் பேரு இருக்கா?"

ரோஸ்லின் புரட்டினாள். இல்லை.

"நான் ஏழு வயசுப் பொண்ணு. அறுபத்தேழாம் வருஷம் அது. உன் புருஷன் என் இடுப்புல இருந்தான், மூக்கு ஒழுகிட்டு. தொப்பி போட்ட ரெண்டு பேரு கார்ல வந்தாங்க. டோகன் ஆத்து ஆணையம் ஏரி வெட்டப் போகுது, உங்க தொண்ணூறு ஏக்கரும் வேணும்னாங்க. அப்பா என்ன கேட்டாரு தெரியுமா?"

நிலம் போன கதை ரோஸ்லினுக்குத் தெரியும். குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் இது தெரியாது. இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"'அந்த ஆணையம்ங்கறவரு யாருங்க, அவரு வீடு எங்க இருக்கு, நானே போயி அவருகிட்ட பேசறேன்'னு கேட்டாரு. நெஜமாவே ஒரு ஆளுன்னு நெனச்சிட்டாரு, ரோஸ். அந்த ரெண்டு பேரும் ஒருத்தன ஒருத்தன் பார்த்துச் சிரிச்சாங்க. எங்கப்பா தொப்பியக் கையில புடிச்சிட்டு நின்னாரு. அவரைப் பார்த்து யாரும் அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்ல. ஹோலிஸுக்கு இதெல்லாம் என்ன தெரியும்? அவன் அப்ப பிஸ்கட்டுக்கு அழுதுட்டு இருந்தான்."

அந்தப் பெரியவரை அவள் பார்த்ததில்லை. ஆனால் கணவனிடமும் இந்த அம்மாளிடமும் உள்ள அதே நிமிர்வை வைத்து, தொப்பியோடு நின்ற ஆளை அவளால் பார்க்க முடிந்தது.

"பேரு போட்டா சரியாயிடுமா, மிஸ் வெர்னெல்?"

"பேரு மட்டும் போதுமா? விலாசமும் வேணும். ஊருக்குள்ள இருக்கற விலாசம். அத ஆஸ்பத்திரிக் கதவுல ஒட்டணும். கோவம் வந்தா போயித் தட்டறதுக்கு ஒரு கதவு வேணும். ஒருத்தர் போனா அவங்களே அவங்க சிநேகிதனக் கொண்டாந்து வச்சுக்கக் கூடாது, மன்றம்தான் போடணும்."

"இத மேயர்கிட்ட சொன்னீங்களா?"

"எவன் கேட்டான்? வந்தவன் எல்லாரும், 'சரின்னு சொல்லு, சரின்னு சொல்லு'ன்னுதான் வந்தான். ஏன் வேணாம்ங்கறேன்னு நீதான் மொத மொத கேக்கற. என் கூடப் பொறந்தவன் கேக்கல."

ரோஸ்லின் மேசையில் இருந்த சின்ன அட்டைகளில் ஒன்றை உருவினாள். பூங்கொத்தில் செருகுகிற அட்டை. பேனாவையும் நீட்டினாள்.

"எழுதுங்க. ஹோலிஸ அத மன்றத்துல வைக்கச் சொல்றேன்."

"ஜெயிக்கப் போறவன் எதுக்குத் தோக்கறவ எழுதினதத் தூக்கி வைக்கணும்?"

"வைக்கலேன்னா எந்தத் தைரியத்துல வீட்டுக்கு வரான்னு பாக்கறேன்."

வெர்னெல் சிரிக்கவில்லை. ஆனால் எழுதினாள், அட்டையின் பின்பக்கம் முழுக்க, பொடி எழுத்தில்.

மாலை ஐந்தரைக்கும் எங்கள் ஊரில் செப்டம்பர் வெயில் ஆளைச் சுடும். மன்றக் கூடத்தில் மடக்கு நாற்காலி ஒன்றுகூட மிச்சமில்லை. நர்ஸ்கள், ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள், ஆஸ்பத்திரிச் சமையல்காரி, போன மாதம் அங்கே பிறந்த ஒரு குழந்தை உட்பட ஊரே வந்திருந்தது.

மேடையில் ஐந்து பேர். மேயர் ஸ்ட்ரவுட், ஓய்வு பெற்ற டீச்சர் திருமதி கீவர், இவர்கள் ஆதரவு. டயர் கடை டப் லாசிட்டர் எதிர்ப்பு. அப்புறம் அக்காவும் தம்பியும், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில், ஒருவரை ஒருவர் பார்க்காமல்.

மேயர் தீர்மானத்தைப் படித்து முடித்ததும் ஹோலிஸ் தொண்டையைச் செருமினான்.

"எல்லாருக்கும் தெரியட்டும். என் மனைவி இன்னிக்குக் காலையில வேலைய விட்டுட்டா. அதனால நான் இதுல பேசலாம், ஓட்டும் போடலாம். மொதல்ல ஒரு திருத்தம் வைக்கப் போறேன்…"

கூடம் முழுக்க ஒரு முனகல். எமர்ஜென்சி நர்ஸ்கள் திரும்பி ரோஸ்லினைப் பார்த்தார்கள். ஒருத்தி அப்போதே அழ ஆரம்பித்துவிட்டாள்.

"ஒரு நிமிஷம்."

மிஸ் இமோஜின். பல் டாக்டரிடம் போய் வந்ததில் ஒரு பக்கக் கன்னம் இன்னும் வீங்கியிருந்தது. கையில் ஒரு காகிதம்.

"அந்தக் கடிதம் அஞ்சு மணிக்குத்தான் என் கண்ணுல பட்டுது. படிக்கறேன். 'பெறுநர், கார்ஸ்டன் மருத்துவமனை ஆணையம். ஐயா, இன்று முதல் என் பணியிலிருந்து விலகுகிறேன்.' இவ்வளவுதான்." கண்ணாடியைக் கழற்றினாள். "திருமதி பிக்கெட் வேலை பார்க்கறது நகராட்சிகிட்ட. ஆணையம்னு ஒண்ணு இன்னும் பொறக்கவே இல்ல. அது பொறக்கறதா வேணாமான்னுதான் இப்ப ஓட்டு. பொறக்காத முதலாளிகிட்ட எப்படி வேலைய விட முடியும்?"

ஐயோ!

மூன்று மாதமாக ஊரில் யார் வாயைத் திறந்தாலும் ஆணையம், ஆணையம்தான். ஆஸ்பத்திரி அறிவிப்புப் பலகையில் ஆணையம், காப்பி அறையில் ஆணையம். தூக்கம் கெட்ட கண்ணோடு எழுத உட்கார்ந்தவளின் கை தானாகவே அந்தப் பேரை எழுதிவிட்டது. நோயாளியின் கைப்பட்டையில் பேரை இரண்டு தடவை சரிபார்க்கிறவள், தன் கடிதத்தில் பார்க்கவில்லை.

"இப்பவே வேற எழுதித் தரேன்!" ரோஸ்லின் எழுந்துவிட்டாள்.

"அலுவலகம் அஞ்சு மணிக்கு மூடியாச்சும்மா. நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வாங்கிக்கறேன்." மிஸ் இமோஜின் ஹோலிஸ் பக்கம் திரும்பினாள். "கவுன்சிலர் பிக்கெட், உங்க மனைவி இன்னும் நகராட்சி ஊழியர்தான். நீங்க ஓட்டும் போட முடியாது, திருத்தமும் வைக்க முடியாது. தயவு செஞ்சு பேசாதீங்க."

டப் லாசிட்டர் சத்தமாகவே சிரித்தான். மேயரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"அப்ப… ரெண்டுக்கு ரெண்டா?"

ஹோலிஸ் வாயைத் திறந்தான், மூடினான். கையில் இருந்த பூக்கடை அட்டையைப் பார்த்தான். பிறகு அதை மேசை மேல் வைத்து, ஒரு விரலால், மெல்ல, அக்கா பக்கம் தள்ளினான்.

வெர்னெல் அதைத் தொடவில்லை. எடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தாலே அவள் ஜெயித்துவிட்டாள். 'வேணாம்' என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். மூன்று மாதமாக அவளைத் திட்டியவர்கள் எல்லாம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

அவள் கூட்டத்தைப் பார்த்தாள்.

"ரோஸ். காலையில என் ஓட்டு வேணாம்னு சொன்னியே. இப்ப?"

ரோஸ்லின் உட்காராமல்தான் இருந்தாள். "இப்ப வேணும், மிஸ் வெர்னெல்."

"காலையில அப்படிச் சொல்லிட்டு இப்பக் கேக்க வெக்கமா இல்லையா?"

"இல்ல. முப்பது கட்டிலுக்காகக் கேக்கறேன். இதுல வெக்கப்பட எனக்கு நேரமில்ல."

யாரோ பின்னால் 'ஆமென்' என்றார்கள். வெர்னெல் அட்டையை எடுத்தாள்.

"திருத்தம் நான் வைக்கறேன். ஆணையத்து ஆளுங்க ஏழு பேரும் ஊர் எல்லைக்குள்ள குடியிருக்கணும். ஏழு பேரோட பேரும் வீட்டு விலாசமும் குத்தகையில முதல் பக்கத்துல இருக்கணும், ஆஸ்பத்திரிக் கதவுலயும் இருக்கணும். எடம் காலியானா மன்றம்தான் ஆள் போடும். எமர்ஜென்சிய மூடினா அன்னிக்கே கட்டடம் ஊர் கைக்குத் திரும்பணும்."

கடைசி வரி அட்டையில் இல்லை. அதை அவள் அப்போதுதான் சேர்த்தாள்.

மேயர் எட்டிப் பார்த்தார். "அந்தப் பக்கம் என்னமோ அச்சடிச்சிருக்கே, மிஸ் பிக்கெட். அதுவும் திருத்தமா?"

"'ஆழ்ந்த அனுதாபங்கள்.' அது உங்களுக்கு, மேயர்."

கூடமே சிரித்தது. திருத்தத்துக்கு டப்கூடக் கை தூக்கிவிட்டான், சிரிப்பில் மறந்துபோய். குத்தகைக்கு வந்தபோது நினைவு வந்து, "வேணாம்" என்றான்.

"மேயர் ஸ்ட்ரவுட்?" என்று மிஸ் இமோஜின் பேர் கூப்பிட்டாள்.

"சரி."

"திருமதி கீவர்?"

"சரி."

"மிஸ் பிக்கெட்?"

வெர்னெல் மூச்சை இழுத்தாள். தொண்ணூறு ஏக்கர் தண்ணீருக்கடியில் கிடக்கிறது. அதை யாராலும் திருப்பித் தர முடியாது.

"சரி" என்றாள்.

அப்பாடா! ரோஸ்லின் நாற்காலியில் பொத்தென்று விழுந்தாள். நர்ஸ்கள் மேலே வந்து விழுந்தார்கள். குழந்தை சத்தத்தில் விழித்துக்கொண்டு வீறிட்டது. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகையை எல்லாம் ரோஸ்லின் அங்கேயே, உடுப்போடு, பெயர் அட்டையோடு, அழுது தீர்த்தாள். வேலை போகவில்லை! ஆஸ்பத்திரியும் போகவில்லை! ஒரே நாளில் இரண்டையும் இழக்கப் பார்த்தவளுக்கு இரண்டும் மடியில் வந்து விழுந்தால் அழாமல் என்ன செய்வாள்?

ஹோலிஸ் மேடையிலிருந்து இறங்கி வந்து பக்கத்தில் குந்தினான்.

"ரோஸ், வாழ்க்கையிலேயே வாயத் திறக்காம நான் ஜெயிச்சது இன்னிக்குத்தான்."

"தெனம் அப்படியே இரு" என்றாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

கொஞ்சம் தெளிந்ததும் மேடைக்குப் போனாள். "மிஸ் இமோஜின், அந்தக் கடிதத்தைக் கொடுங்க, கிழிச்சுப் போட்டுடறேன்."

"முத்திரை குத்தியாச்சே. யார் பேருக்கு எழுதியிருக்கோ அவங்ககிட்டத்தான் கொடுக்க முடியும்."

"அதான் இன்னும் பொறக்கலையே!"

"வர்ற முதல் தேதி பொறந்துடும். அன்னிக்கு நீங்க எல்லாரும் ஆணையத்து ஊழியர் ஆயிடுவீங்க. இந்தக் கடிதம் அப்ப அவங்க மேசைக்குப் போகும். ஏத்துக்கறதும் தள்ளறதும் அவங்க இஷ்டம்."

ரோஸ்லின் மறுபடியும் கை நீட்டினாள். அதற்குள் மேயர் சுத்தியலைத் தட்டினார். புதுத் திருத்தப்படி, குத்தகையில் ஏழு பேரும் ஏழு விலாசமும் எழுதிய பிறகுதானே கையெழுத்துப் போட முடியும்? பட்டியல் தயாராகத்தான் இருந்தது. மிஸ் இமோஜின் ஒவ்வொன்றாகப் படித்தாள். ஆறு பேர் ஊருக்குள். ஏழாவது ஆள் மேயரின் மீன்பிடிச் சிநேகிதர். அவர் வீடு ஏரிக்கரையில், ஊர் எல்லைக்கு மூன்று மைல் தள்ளி.

"அவரு வரமாட்டாரு" என்று சொல்லி மிஸ் இமோஜின் ஒரு கோடு போட்டாள். "ஒரு எடம் காலி."

"விதி போட்டவங்களே வந்து உக்காரட்டுமே!" டப் நக்கலாகத்தான் சொன்னான்.

ஆனால் யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் வெர்னெலைப் பார்த்தார்கள்.

"கவுன்சிலரா இருக்கறவங்க ஆணையத்துல இருக்கக் கூடாது" என்றாள் மிஸ் இமோஜின், கொஞ்சம் மெதுவாகவே. "ரெண்டுல ஒண்ணுதான்."

பதினாலு வருடமாக வெர்னெல் உட்கார்ந்த நாற்காலி அது. ஊரில் அந்த நாற்காலிக்கு ஜெயித்து வந்த முதல் பெண் அவள். ஹோலிஸ் பதறிப்போய், "அக்கா, நாளைக்கு யோசிச்சு…" என்று ஆரம்பித்தான்.

"பேசாதேன்னு உன்னைச் சொன்னாங்கல்ல?"

வெர்னெல் எழுந்தாள். முன்னால் இருந்த பெயர்ப் பலகையை அதன் தாங்கியிலிருந்து உருவிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். மேடையிலிருந்து இறங்கி, மிஸ் இமோஜினின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"எழுதிக்கோ. வெர்னெல் பிக்கெட். நூத்திப் பதினாலு, பீக்கன் தெரு. பச்சைக் கதவு. மணி வேலை செய்யாது, தட்டச் சொல்லு."

மிஸ் இமோஜின் எழுதினாள், மணி விஷயத்தையும் விடாமல்.

கூட்டம் கலைய ஆரம்பித்தது. வாசலில் ரோஸ்லின் ஓடிப் போய் நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். வாயில் வந்தது கடிதத்தைப் பற்றித்தான்.

"முதல் தேதி அது உங்க மேசைக்குத்தான் வருமாம். கிழிச்சிடுவீங்கதானே, வெர்னெல்?"

முப்பது வருடத்தில் முதல் தடவையாக, முன்னால் 'மிஸ்' இல்லை. இருவருமே அதைக் கவனித்தார்கள்.

வெர்னெல் கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நிமிர்ந்தாள். முகத்தில் சிரிப்பே இல்லை.

"ஆணையம் யோசிச்சுச் சொல்லும்" என்றாள்.